செவ்வாணையின் முதல் கட்டளை

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது, பூஜ்யத்தைக் கண்டது, இறுதியாக 2068ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஈரோட்டில், செவ்வாணையைக் கண்டது.

மேசை இயக்ககம் வெளியிட்ட விழா மலரின் முதல் வாக்கியம் இது. எழுதியவர் இயக்குநர் முனைவர் ஆத்விக். மலரின் பின்னட்டையில் செவ்வாணையில் எழுதிய மாதிரி ஒன்று தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது. அதில் ஏழு பிழைகள் இருந்தன. யாரும் சுட்டிக்காட்டவில்லை. பிழை கண்டுபிடிக்கும் அளவுக்குச் செவ்வாணை தெரிந்தவர் மாநிலத்தில் ஒருவர்தான் இருந்தார். மெய்ப்புப் பார்க்க அவரை யாரும் கூப்பிடவில்லை.

கதை விலையில்லா மேசைத் திட்டத்தில் தொடங்குகிறது. வீட்டுக்கொரு மேசை கொடுத்தார்கள். நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், மேற்பரப்பு முழுவதும் திரை. அந்தத் திரையில் வட்ட வட்டமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் மிதக்கும். ஒன்று மணி காட்டும், ஒன்று குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும், ஒன்று பள்ளி வண்டி எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்று காட்டும். இவற்றுக்கு அரசு வைத்த பெயர் 'மேற்பரப்புக் குறுஞ்செயலி'. மக்கள் வைத்த பெயர் பொட்டு.

ஒரு பொட்டு என்ன செய்ய வேண்டும் என்பதை மேசைக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒரு மொழி வேண்டும். மேசையின் காலுக்கு எத்தனை தடிமன், அரசு முத்திரை எந்த மூலையில், எத்தனை அங்குலம் என்பதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய அதிகாரிகள் அந்த ஒன்றை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள். மேசைகள் வந்திறங்கின. அவற்றோடு பேச மொழி வரவில்லை.

ஆனால் தொழிற்சாலையில் மேசைகளைச் சோதித்த பொறியாளர் ஒருவர், தன் வேலை சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு வசதி வைத்திருந்தார். விளிம்புக்கு அடியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு வேண்டியதை வாயால் சொன்னால் போதும், மேசை தனக்குப் புரிந்த மாதிரி ஒரு பொட்டைச் செய்து காட்டி, "இப்படியா?" என்று கேட்கும். இல்லை என்றால் திருத்தும். வேலை முடிந்ததும் அவர் அதை எடுக்க மறந்துவிட்டார். மூன்றாம் நாளே பெருந்துறையில் ஒரு பெண்மணி, "பால் பொங்கறதுக்கு முந்தி கத்து" என்று தன் மேசையிடம் சொல்லி, அது கத்தியது. ஆறே மாதத்தில் ஊர்கூடி அந்த வசதிக்குப் பெயர் வைத்துவிட்டது: சொல்பேச்சு. வீட்டில் சொல்பேச்சு கேட்கிற ஒரே ஆள் மேசைதான் என்பதால்.

மூன்று கோடி பொட்டுகள் முளைத்த பிறகு இயக்ககத்துக்குச் சங்கடம் தட்டியது. அரசு ஆணையிடாத ஒரு மொழியில் அரசு மேசைகள் வேலை செய்கின்றன. உடனே குழு போட்டார்கள். ஏழு ஆண்டுகள். நானூற்றுப் பன்னிரண்டு கட்டளைச் சொற்கள். அதுதான் செவ்வாணை. விழா நாளன்று காலை பதினொன்றரை மணிக்கு அமைச்சர் பொத்தானை அழுத்தியதும் செவ்வாணை உயிர்பெறும். சொல்பேச்சும் அதில் செய்த அத்தனை பொட்டுகளும் அந்த நொடியே அணைந்துவிடும். வேண்டுமென்பவர்கள் செவ்வாணையில் புதிதாக எழுதி விண்ணப்பிக்கலாம் என்று எல்லா மேசைகளிலும் அறிவிப்பு வந்தது.

அந்த அறிவிப்பைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, விழாவுக்கு மூன்று வாரம் முன்பு, கனிஷ்கா இயக்ககத்தின் உதவி மையத்துக்கு நேரிலேயே வந்தார். ஐம்பது வயது, கருங்கல்பாளையத்தில் வீடு. உதவி மையத்தில் இருந்தது சம்யுக்தா. ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர். செவ்வாணை தெரிந்த அந்த ஒருவர் இவர்தான். குழு கூடிக் கலைந்த ஒவ்வொரு முறையும் அவர்கள் முடிவுசெய்ததை மேசைக்குப் புரியும்படி உட்கார்ந்து செய்தது இவர். குழுப் படத்தில் இருக்க மாட்டார்.

கனிஷ்காவின் கணவர் பெயர் மிதுன். மஞ்சள் மண்டியில் அவரை மண்டி மிதுன் என்பார்கள். யந்திர ஏலத்தில் யாரோ புகுந்து விளையாடியதிலிருந்து மண்டி மறுபடி வாய் ஏலத்துக்கே திரும்பியிருந்த காலம். ஏலம் கூறுவதில் மிதுனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் 'ஒரு தரம்' என்றால் ரோட்டில் போகிற லாரி பிரேக் போடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் உடம்பின் வலப்பக்கம் விழுந்தது. கூடவே பேச்சும் போனது. காது கேட்கும், எல்லாம் புரியும், கோபம் வரும், சிரிப்பு வரும். சொல்லத்தான் வராது.

கனிஷ்கா மண்டிக்குப் போய் அவருடைய பழைய ஏல ஒலிப்பதிவுகளை வாங்கி வந்து மேசைக்குக் கொடுத்தார். விளிம்புக்கு அடியில் இரண்டு விரலை வைத்து, இந்தப் பொட்டைத் தொட்டால் இவர் குரலில் தண்ணீர் கேள், இதைத் தொட்டால் முதுகைச் சொறியச் சொல், இதைத் தொட்டால் என் அண்ணனைத் திட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முப்பத்தொரு பொட்டுகள். மிதுன் இடது கையால் தொடுவார். ஒரே ஒரு கோளாறு: மேசைக்குத் தெரிந்த மிதுன், ஏலம் கூறுகிற மிதுன் மட்டும்தான். ஆகவே அந்த வீட்டில் எல்லாமே ஏலத்துக்கு வந்தது. "காப்பி. சக்கரை கம்மி. ஒரு தரம்" என்று மேசை முழங்கும். அடுத்த தெருவில் கேட்கும். கொடுக்கத் தாமதமானால் "ரெண்டு தரம்" வரும். மூன்றாம் தரத்துக்குக் கனிஷ்கா விட்டதில்லை.

அந்தக் குரல்தான் அணையப் போகிறது. அழக்கூட நேரமில்லை என்பதைப் போல வேகமாகப் பேசி முடித்துவிட்டு, இதைச் செவ்வாணையில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார் கனிஷ்கா.

சம்யுக்தா மறைக்காமல் சொன்னார். எழுதலாம். ஆனால் செவ்வாணையில் எந்தப் பொட்டும் தானாக எதையும் செய்யாது. தொட்டதும் அது ஒரு கோப்பாகி, பதினோரு அதிகாரிகளின் மேசைகளுக்கு வரிசையாகப் போகும். ஒவ்வொருவரும் தன் மேசைமேல் உள்ளங்கையை வைத்து மேலொப்பம் தர வேண்டும். பதினோராவது ஒப்பம் விழுந்த பிறகே பொட்டு வேலை செய்யும்.

"மணி காட்டற பொட்டுமாங்க?"

"அதுவும்தாங்க்கா. நிமிசத்துக்கு ஒருக்கா கோப்பு போகும்."

இந்த ஏற்பாட்டின் பின்னால் ஒரு தத்துவம் இருந்தது. இதெல்லாம் அவசியமா என்று சம்யுக்தா ஒரு முறை கேட்டபோது முனைவர் ஆத்விக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கட்டடத்துல ஒரு நாற்காலிகூட கையெழுத்து இல்லாம நகராதும்மா. பொட்டு மட்டும் நகரலாமா?" சோதனைக் காலம் முழுவதும் பதினொருவரும் ஒரே அறையில் உள்ளங்கையை மேசையில் பதித்து உட்கார்ந்திருந்ததால் கடிகாரம் அருமையாக ஓடியது. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது மட்டும் ஒன்றே காலில் நாற்பது நிமிடம் நின்றது. மொழி ஊழியர் நலனை மதிக்கிறது என்று குழு அதைக் குறிப்பில் பதிவுசெய்தது.

எதற்கும் பார்ப்போம் என்று சம்யுக்தா சோதனை முறையில் ஒரே ஒரு பொட்டைச் செவ்வாணையில் எழுதிக் கொடுத்தார். முப்பத்தொன்றில் எது அவசரமோ அதை. கனிஷ்கா சொல்பேச்சில் ஒரு வரியில் சொன்னது, செவ்வாணையில் நாற்பத்தாறு வரி ஆனது. முதல் ஆறு வரி மேசைக்கு வணக்கம்.

ஐந்தாம் நாள் கனிஷ்கா மறுபடி வந்தார். இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை.

"காலைல பத்து அஞ்சுக்குத் தொட்டாருங்க. ஒண்ணுக்கு வருதுன்னு சொல்றதுக்கு. ஒண்ணும் பேசல. நானும் மேசை சத்தம் போடலியேன்னு கெணத்தடில துணி அலசிட்டு இருந்துட்டேன். பன்னண்டு நாப்பதுக்குப் பதில் வருதுங்க."

"என்னன்னுங்க்கா?"

"காரணம் குறிப்பிடுக."

சம்யுக்தா தான் எழுதிக் கொடுத்த நாற்பத்தாறு வரியையும் மேசையில் எடுத்துப் பார்த்தார்.

"வேட்டி மாத்தி, தரைய தொடச்சு உட்டுட்டு வந்து பாக்கறேன், காரணம் கேக்குது. என்னத்தைங்க எழுத? எங்கூட்டுக்காரரு மண்டில நின்னா நூறு யாவாரி வாயப் பொத்திட்டு நிப்பாங்க. அந்த மனுசன் அன்னிக்கு என் மூஞ்சியப் பாக்கல, செவுத்தப் பாத்துட்டு இருந்தாரு." கனிஷ்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "விழா அன்னிக்குப் பதினொண்ணரைக்கு மேல அவருக்கு இதுதானா?"

நானூற்றுப் பன்னிரண்டு சொற்களையும் மேசைக்குப் புரிய வைத்தவர் சம்யுக்தா. அந்தக் கேள்விக்கான பதில் அவருக்குத் தெரிந்திருந்தது. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அந்த இரண்டு வாரமும் இயக்ககம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. அழைப்பிதழில் யார் பெயர் எந்த அளவு எழுத்தில் என்பதற்கு மட்டும் நான்கு கூட்டம். அதன்பின் விழாவுக்குப் பயனாளிகள் வேண்டும் என்று யாருக்கோ நினைவு வந்தது. பயனாளி இல்லாமல் அரசு விழா கிடையாது. மேடைக்கு ஐந்து பேர், அதில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தால் படம் நன்றாக வரும் என்றார் இயக்குநர். தனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றார் சம்யுக்தா. மிதுனையும் அவர் மேசையையும் மேடையேற்றுவது, அவர் ஒரு பொட்டைத் தொட, அது செவ்வாணையில் "நன்றி, மாண்புமிகு அமைச்சர் அவர்களே" என்று முழங்குவது என முடிவாயிற்று. ஒலிபெருக்கியை மேசையோடு இணைக்கச் சொன்னார் இயக்குநர். குரல் அரங்கம் முழுக்கக் கேட்க வேண்டுமாம்.

மேடைக்குப் பின்னால் இருந்து மற்ற வேலைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதும் சம்யுக்தாதான். அமைச்சர் அழுத்தப் போகும் சிவப்புப் பொத்தான் எதனோடும் இணைக்கப்படாதது. எல்லா விழாக்களிலும் அப்படித்தான். பொத்தானை அழுத்தும் நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் ஒருவர் நிஜ வேலையைச் செய்ய வேண்டும். செவ்வாணையை எழுப்புவது ஒன்று, சொல்பேச்சை நிறுத்துவது ஒன்று. இதற்காக இயக்குநர் எழுத்து மூலம் ஓர் ஆணை தந்தார்: விழா மேடையில் நடைபெறும் அனைத்தும் செவ்வாணையிலேயே நடைபெற வேண்டும்; விதிவிலக்கு கிடையாது.

சம்யுக்தா அந்தத் தாளை மூன்று முறை படித்தார். பிறகு இயக்குநரின் அறைக்குப் போய், சொல்பேச்சை நிறுத்துகிற உத்தரவும் செவ்வாணையிலேயே இருக்க வேண்டுமா, அதைப் பழைய முறையில் ஒரு விசையைத் தட்டியும் செய்யலாமே என்று கேட்டார்.

"அனைத்தும்னா அனைத்தும்" என்றார் முனைவர் ஆத்விக். பழைய முறை என்ற சொல்லே அவருக்குப் பிடிக்கவில்லை.

அதையும் எழுதித் தந்துவிடுங்கள் என்றார் சம்யுக்தா. எழுதித் தந்தார்.

விழா பத்தரை மணிக்கு. மிதுனை ஒன்பதுக்கே மேடையேற்றிவிட்டார்கள். பட்டு வேட்டி, சட்டைப் பையில் ஒரு பேனா; பேனா எதற்கு என்று கனிஷ்காவுக்கே தெரியாது, மண்டிக்குப் போகும்போது வைப்பார். மேடை வெளிச்சத்தில் வியர்த்ததால் அவருக்கு இளநீர் கொடுத்தார்கள். அமைச்சர் வராததால் இன்னொன்று கொடுத்தார்கள்.

அமைச்சர் கோபிப் பக்கத்துக்காரர், அறுபது வயது அம்மையார். வழியில் பவானியில் ஒரு வரவேற்பு, அங்கே இளநீர். சித்தோட்டில் ஒரு வரவேற்பு, அங்கே மோர். அரங்க வாசலில் வந்திறங்கியபோது பன்னிரண்டு பத்து. அங்கேயும் ஓர் இளநீரை நீட்டினார்கள். வாங்காமல் இருக்க முடியாது, நீட்டியவர் ஊர்க்காரர்.

வாசலில் வரவேற்க இயக்ககத்தின் பதினோரு அதிகாரிகளும் பதவி வரிசைப்படி நின்றிருந்தார்கள். இதற்கான பட்டியல் பத்து நாளுக்கு முன்பே தயாராகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை, போர்த்தும் வரிசை, படம் எடுக்கும் கோணம் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பதினொருவரின் மேசைகளில் அந்நேரம் யார் உட்கார்ந்து மேலொப்பம் தருவது என்ற பட்டியல் மட்டும் போடப்படவில்லை. தனக்குக் கீழே உள்ளவர் அங்கே இருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். கடைசி ஆளுக்குக் கீழே யாருமில்லை, அவரும் நினைத்திருந்தார்.

வாசலிலிருந்து பதினொருவரும் அமைச்சரோடு அப்படியே மேடையேறினார்கள். அமைச்சர் அவர்களுக்குத் திருப்பிப் பொன்னாடை போர்த்தினார். பிறகு பேச்சுகள். முனைவர் ஆத்விக் நெருப்பில் தொடங்கி, சக்கரத்தைத் தாண்டி, பூஜ்யத்துக்கு வரவே முப்பத்தைந்து நிமிடம் பிடித்தது. மேடையில் இரண்டு பேர் நாற்காலியில் நெளிய ஆரம்பித்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் அமைச்சர். இன்னொருவர் மிதுன்.

ஒன்றரை மணிக்கு அமைச்சர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். திரைக்குப் பின்னால் சம்யுக்தா ஆணைப்படி செய்தார்.

பெரிய திரையில் செவ்வாணையின் முதல் கடிகாரம் தோன்றியது. முட்கள் இல்லை. நடுவில் ஒரு வரி: 'கோப்பு மேலொப்பத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

அரங்கம் கைதட்டியது. அதுதான் நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். இயக்குநரும் ஒரு கணம் கைதட்டினார். பிறகு நிறுத்தினார்.

அடுத்து பயனாளி நன்றி சொல்வார் என்று அறிவித்தார்கள். மிதுன் இடது கையை நீட்டிப் புதுப் பொட்டைத் தொட்டார். மேசையில் அதே வரி வந்தது. ஒலிபெருக்கி லேசாக உறுமிவிட்டு அடங்கியது. அரை நிமிடம். ஒரு நிமிடம். அமைச்சர் புன்னகையை மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார், படமெடுப்பவர்களுக்காக.

இயக்குநர் திரைப் பக்கம் திரும்பிக் கண்ணால் கேட்டார். சம்யுக்தா மறைப்புத் துணியை விலக்கி, மேடையிலிருந்த பதினோரு பொன்னாடைகளையும் விரலால் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். முனைவர் ஆத்விக்குக்குப் புரிந்தது. மேசைகள் இயக்ககத்தில், உள்ளங்கைகள் இங்கே. அமைச்சர் மேடையில் இருக்கும்போது ஓர் அதிகாரி எழுந்து வெளியே போவது என்பது அந்த இயக்ககத்தின் வரலாற்றிலேயே இல்லை. பதினொருவரும் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது மிதுனின் கை மேசையின் கீழ் மூலைக்கு நகர்ந்தது. அங்கே பழைய முப்பத்தொன்றும் வரிசையாக இருந்தன. பின்னால் நின்ற கனிஷ்கா அதைப் பார்த்தார். பொத்தான் அழுத்தியாகிவிட்டது; அவை எல்லாம் செத்திருக்கும். நூறு வியாபாரிகளை வாய் மூட வைத்தவர், ஆயிரம் பேர் முன்னால், பட்டு வேட்டியில். கனிஷ்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணுக்குப் போகோணும்" என்றது மண்டி மிதுனின் குரல். எட்டு ஒலிபெருக்கிகளிலும். "ஒரு தரம்."

அரங்கத்தில் குழந்தைகள்கூட அமைதியானார்கள். கனிஷ்கா கண்ணைத் திறந்தார். மூலையில் முப்பத்தொரு பொட்டுகளும் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

"ரெண்டு தரம்."

அமைச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எனக்கும் அதேதானுங்க" என்றார், ஒலிவாங்கி முன்னால் இருப்பதை மறந்து. "ஒண்ணரை மணி நேரமா யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன். இவரு ஒருத்தருதான் வாயத் தொறந்து சொல்றாரு."

அரங்கம் சிரித்த சிரிப்பில் மேடைத் தோரணம் ஆடியது. மிதுனும் சிரித்தார், பாதி முகத்தால். கழிப்பறைக்குப் போகிற வழியை விழா மலர்க் கட்டுகள் அடைத்திருந்தன. பதினோரு அதிகாரிகளும் பொன்னாடையை இறுக்கிக்கொண்டு கட்டுகளைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அன்றைய தினம் அவர்கள் உள்ளங்கைக்கு வந்த முதல் வேலை அது. கழிப்பறை வாசலில் அமைச்சர் நின்று சக்கர நாற்காலிக்கு வழிவிட்டார். அவர் இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது, அவர்தான் முதலில் என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அமைச்சர் வேறு ஆளாக இருந்தார். தெம்பாக, நேரமுள்ளவராக. மேசையைத் தடவிப் பார்த்தார். இதை யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றார் கனிஷ்கா. என்னென்ன எழுத வேண்டியிருந்தது என்று கேட்டார். ஒன்றும் எழுதவில்லை, விளிம்புக்கு அடியில் விரலை வைத்து, எங்கள் வீட்டுக்காரருக்கு வந்தால் அவர் குரலில் சத்தமாகச் சொல் என்று சொன்னேன், அவ்வளவுதான் என்றார் கனிஷ்கா.

அமைச்சர் இயக்குநரிடம் திரும்பினார். "ஏழு வருசம் என்னத்தைப் பண்றாங்கன்னு சட்டசபைல கேட்டுட்டே இருந்தாங்க. இதுதானா செவ்வாணை?"

முனைவர் ஆத்விக் பெரிய திரையைப் பார்த்தார். கோப்பு இன்னும் மேலொப்பத்துக்குக் காத்திருந்தது. படமெடுப்பவர்களைப் பார்த்தார். தோளில் இருந்த பொன்னாடையைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு சொற்களில் ஒன்றுகூட அவருக்கு அப்போது உதவிக்கு வரவில்லை.

"ஆமாங்கம்மா. செவ்வாணையேதான்."

கனிஷ்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லீங்கம்மா, இது வந்து..." என்று ஆரம்பித்தார்.

மிதுனின் கை அவசரமாக ஒரு பொட்டைத் தேடித் தொட்டது. வீட்டில் சண்டை வரும்போது தொடுவது.

"பேசாம இரு. ஒரு தரம்."

கனிஷ்கா பேசாமல் இருந்தார். கல்யாணமாகி இருபத்தாறு ஆண்டுகளில் முதல் தரத்திலேயே அடங்கியது அன்றுதான்.

அமைச்சர் ஒலிவாங்கியை இழுத்து வைத்துக்கொண்டு அறிவித்தார். இன்று மேடையில் மக்கள் கண்டதும் கேட்டதும் எதுவோ அதுவே செவ்வாணை. எல்லா வீட்டுக்கும் எல்லா அலுவலகத்துக்கும் இனி அதுதான். அதில் யாரும் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது, நிறுத்தவும் கூடாது. திங்கட்கிழமைக்குள் அரசாணை வர வேண்டும். கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆனது. மேடையில் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் முனைவர் ஆத்விக்.

மாலையில் அவர் சம்யுக்தாவைத் தன் அறைக்கு அழைத்தார். கத்துவதா கெஞ்சுவதா என்று முடிவுசெய்யாத குரலில், சொல்பேச்சை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார்.

"நிறுத்தினேனுங்க சார்" என்றார் சம்யுக்தா. "ஒண்ணரைக்குச் சரியா உத்தரவு போட்டேன். அனைத்தும்னா அனைத்தும்னு எழுதிக் குடுத்திருக்கீங்க, அதனால செவ்வாணைலதான் எழுதினேன். அம்பத்திரண்டு வரி. மொத மேசைலயே நிக்குதுங்க. அந்த சார் பொன்னாடை வாங்கப் போயிட்டாரு."

"அது இப்பவும் கோப்புல இருக்கா?"

"இருக்குதுங்க. எல்லாரும் கைய வெச்சா அமைச்சர் குடுத்த செவ்வாணை நின்னுபோயிரும். அனுப்பட்டுங்களா?"

முனைவர் ஆத்விக் அவசரமாகக் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை அந்தக் கோப்பு முதல் மேசையிலிருந்தே திரும்பி வந்தது. 'காரணம் குறிப்பிடுக' என்று எழுதியிருந்தது. சம்யுக்தா காரணம் எதுவும் இல்லை என்று எழுத, கோப்பு முடிக்கப்பட்டது.

புதிய செவ்வாணைக்கு மாவட்டந்தோறும் பயிற்சி நடத்த ஒரு தலைவர் தேவைப்பட்டார். அந்தப் பொறுப்பை நிரந்தர ஊழியர் ஒருவர்தான் வகிக்கலாம் என்பது விதி. வேலை தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார் என்பதால், ஒன்பது ஆண்டுகள் நகராத சம்யுக்தாவின் கோப்பு ஒரே பிற்பகலில் பதினோரு மேசைகளையும் கடந்து வந்தது. பழைய செவ்வாணையின் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் அடங்கிய தொகுதி இப்போது அவர் அறையில் சன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க உதவுகிறது.

கருங்கல்பாளையத்தில் மிதுனின் பொட்டுகள் முப்பத்தொன்றிலிருந்து எழுபதாகிவிட்டன. பாதி கனிஷ்காவைக் கிண்டல் செய்வதற்கு. மண்டிக்காரர்கள் வாரம் ஒரு முறை அவரை மேசையோடு வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஏலம் அவர் குரலில்தான் நடக்கிறது. லாரிகள் பழையபடி பிரேக் போடுகின்றன. விழா முடிந்த ஒன்பதாம் நாள், மத்தியானம் அவர்கள் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேசை திடீரென்று தானாகவே "நன்றி, மாண்புமிகு அமைச்சர் அவர்களே" என்று முழங்கியது. பதினோராவது மேலொப்பம் கிடைத்துவிட்டிருந்தது.

எளிமைக்கான அந்த ஆண்டின் மாநில விருது முனைவர் ஆத்விக்குக்குக் கிடைத்தது. அவர் ஏற்புரை ஐம்பது நிமிடம்.

அரசாணை திங்கட்கிழமை வெளியானது. அதன் இணைப்பில், 'மாண்புமிகு அமைச்சர் முன்னிலையில் செவ்வாணையில் நிறைவேற்றப்பட்ட முதல் கட்டளை' என்ற தலைப்பின் கீழ், "ஒண்ணுக்குப் போகோணும், ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அச்சாகியிருக்கிறது. அதற்குக் கீழே முனைவர் ஆத்விக்கின் கையொப்பம் இருக்கிறது.